ஜெனரல் டூமா: புரட்சி திறந்த கதவு, நெப்போலியன் மூடிய கதவு

அலெக்ஸாண்டர் டூமா என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் மாண்டி கிறிஸ்டோ கோமகனை எழுதிய நாவலாசிரியர். அவருடைய அப்பாவின் பெயரும் அதேதான்: தோமா-அலெக்ஸாந்தர் டூமா. 1786இல் பிரெஞ்சுக் குதிரைப்படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தவர், 1793இல், ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட படைப்பிரிவை நடத்தும் டிவிஷன் ஜெனரல் ஆனார். ஒரு முழு ராணுவத்துக்கே தலைமை தாங்கினார். 1806இல், 43 வயதில், உடல் சிதைந்து, பாக்கிச் சம்பளத்துக்கு மனுமேல் மனு போட்டுச் சலித்து இறந்துபோனார். அவருடைய தாய் கரீபியத் தீவு ஒன்றில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண்.

அவருடைய வீரத்தைப் பற்றிக் கதைகள் ஏராளம். லாயத்தின் உத்தரத்தைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கால்களுக்கிடையில் குதிரையை இடுக்கி மேலே தூக்கினார் என்றுகூடச் சொல்வார்கள். அந்த மாதிரிக் கதைகளை நான் ஒதுக்கிவைக்கிறேன். ராணுவ ஆவணங்களில் இருப்பதே போதுமான அளவு வியப்பூட்டுகிறது. அதோடு, வீரத்தை மட்டும் வைத்து இந்த வாழ்க்கையை விளக்க முடியாது. 1786இல் அவரிடம் இருந்த அதே உடல் வலிமையும் துணிச்சலும்தான் 1793இலும் இருந்தன. இடையில் மாறியது பிரான்ஸின் சட்டம். 1802இல் அந்தச் சட்டம் மறுபடி மாறியது. அவருடைய ஏற்றத்தையும் இறக்கத்தையும் இந்த மாற்றங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

1762 மார்ச் 25 அன்று, சான்-தொமிங் என்ற பிரெஞ்சுக் காலனியில், ஜெரெமி என்ற ஊர்ப்பக்கம் பிறந்தார். இன்றைய ஹெய்ட்டி அது. உலகச் சந்தைக்குப் போன சர்க்கரையிலும் காப்பியிலும் பெரும்பகுதி அன்று அந்தத் தீவில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அப்பா நார்மண்டியைச் சேர்ந்த பிரபு, தாவி த லா பையத்தரி. அம்மா மாரி-செசெத் டூமா. பல ஆண்டுகள் தீவில் தலைமறைவாக வாழ்ந்த அப்பாவுக்கு, 1770களின் நடுவில் ஊருக்குத் திரும்பிச் சொத்தையும் பட்டத்தையும் எடுத்துக்கொள்ள ஆசை வந்தது. தனக்குப் பிறந்த மற்ற பிள்ளைகளை விற்றுவிட்டார். இந்தப் பையனையும் ஒரு கப்பல் தலைவனிடம், பின்னால் மீட்டுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு விற்று, அந்தப் பணத்தில் கடல் கடந்தார். 1776இல் மகனை மீட்டுப் பிரான்ஸுக்கு வரவழைத்தார். பதினான்கு வயதுவரை ஒரு மனிதன் விற்பனைச் சரக்காக இருந்திருக்கிறான் என்பதை மனதில் இருத்திக்கொண்டுதான் மீதியைப் படிக்கவேண்டும்.

பாரிஸில் பிரபு மகனாகவே வளர்ந்தார். நல்ல உடை, வாள்பயிற்சிப் பள்ளி, நாடக அரங்குகள் என்று பத்தாண்டுகள் போயின. அப்புறம் அப்பா தன் வீட்டுப் பணிப்பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பணவரத்து சுருங்கியது, உறவும் கசந்தது. மகன் படையில் சேர முடிவெடுத்தார். இங்கேதான் அந்தக் காலத்துச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1781இல் வந்த அரசாணைப்படி, நான்கு தலைமுறைப் பிரபுப் பரம்பரையைக் காட்டினால்தான் நேரடியாக அதிகாரி ஆகலாம். அப்பா வழியில் அவருக்குப் பரம்பரை இருந்தது. ஆனால் கறுப்பினத் தாயின் மகன் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாதபடி நிறச் சட்டங்கள் இருந்தன. எனவே 1786 ஜூன் 2 அன்று, அரசியின் டிராகூன் ரெஜிமென்டில் சாதாரணச் சிப்பாயாகப் பதிந்துகொண்டார். பதிவேட்டில் கொடுத்தது அம்மாவின் குடும்பப் பெயர். இரண்டு வாரத்துக்குள் அப்பா இறந்துபோனார்.

டிராகூன் என்பவர் யார் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். தொடக்கத்தில் இவர்கள் குதிரையில் பயணம் செய்து, இறங்கி நின்று துப்பாக்கியால் சண்டையிட்டவர்கள். 18ஆம் நூற்றாண்டில் குதிரைமேல் இருந்தே வாளோடு பாயும் படையாக மாறிவிட்டார்கள், ஆனால் துப்பாக்கியும் கூடவே இருந்தது. மார்புக் கவசம் போட்ட கனரகக் குதிரைப்படைக்கும், வேவு பார்க்கப் போகும் ஹுசார் போன்ற இலகுரகப் படைக்கும் நடுவில் இருந்தவர்கள் இவர்கள். அமைதிக்காலத்தில் ரோந்து, கடத்தல்காரர்களை விரட்டுவது, ரொட்டி விலை ஏறிக் கலவரம் வந்தால் அடக்குவது எல்லாம் இவர்கள் வேலை. பிரபு வீட்டில் வளர்ந்த இளைஞர் இந்தக் கூட்டத்தில் கடைநிலையில் லாயத்தைச் சுத்தம் செய்து, குதிரைக்குத் தீனி வைத்து ஆறு ஆண்டுகள் இருந்தார்.

1789 ஆகஸ்டில், புரட்சி வெடித்த சில வாரங்களில், நாட்டுப்புறம் எங்கும் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்ற வதந்தி பரவியது. விலேர்-கொத்தரே என்ற சிற்றூர்க்காரர்கள் பாதுகாப்புக்குப் படை கேட்டார்கள். வந்த டிராகூன்களில் டூமாவும் ஒருவர். விடுதி நடத்திய கிளோத் லபூரே வீட்டில் தங்கினார், அவருடைய மகள் மாரி-லூயிஸை விரும்பினார். சரி, கட்டிக்கொடுக்கிறேன், ஆனால் முதலில் சார்ஜென்ட் பதவியாவது வரட்டும் என்றார் பெண்ணின் அப்பா. அந்தக் காலத்தில் அது நியாயமான எதிர்பார்ப்புதான். அதற்கு மேல் ஒரு சிப்பாய் எங்கே போய்விட முடியும்?

1792இல் ஆஸ்திரியாவோடு போர் தொடங்கியபோது பிரெஞ்சு ராணுவத்தில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. பிரபுக்களான அதிகாரிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டு ஓடியிருந்தார்கள். இதில் குதிரைப்படைக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்வது மிகவும் கடினம். காலாட்படைக்கு ஒரு தொண்டனை எடுத்துச் சில வாரங்களில் வரிசையில் நிறுத்திவிடலாம். குதிரைமேல் உட்கார்ந்து ஒரு கையில் லகானும் மறுகையில் வாளுமாக, வரிசை கலையாமல் பாய்ந்து, கூவி அழைத்ததும் திரும்பி ஒன்றுசேர ஆண்டுக்கணக்கில் பழக்கம் வேண்டும். குதிரைக்கும் அதே பழக்கம் வேண்டும். ஆகவே புரட்சிக்கு முன்பே குதிரைப்படையில் கடைநிலையில் தேறியிருந்தவர்கள் திடீரென்று விலைமதிப்பற்றவர்களானார்கள். விடுதிக்காரர் மகன் மூராவும், பீப்பாய் செய்பவரின் மகன் நேயும் 1787இல் சிப்பாய்களாகக் குதிரைப்படையில் சேர்ந்தவர்கள். இருவரும் பின்னால் ராணுவத்தின் உச்சப் பட்டமான மார்ஷல் பட்டம் பெற்றார்கள். அவர்கள் டிவிஷன் ஜெனரல் பதவியைத் தொட்டது 1799இல். டூமா அதை ஆறு ஆண்டு முன்பே தொட்டுவிட்டார்.

1792 ஆகஸ்டில், பெல்ஜிய எல்லையருகே மோல்ட் முகாமில் கார்ப்பரலாக இருந்தவர், ரோந்து போன இடத்தில் ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டைச் சேர்ந்த ஒரு டஜன் துப்பாக்கி வீரர்களைச் சுடவிடாமல் மடக்கிச் சிறைபிடித்துவந்தார். பாரிஸ் பத்திரிகையில் அவர் பெயர் வந்தது. அந்த இலையுதிர்காலத்திலேயே, காலனிகளைச் சேர்ந்த சுதந்திரக் கறுப்பினத்தவரையும் கலப்பினத்தவரையும் கொண்டு ஒரு தனிப் படை அமைந்தது. அதற்குத் தலைவர், வயலின் இசையிலும் வாள்வீச்சிலும் பேர்பெற்ற செவாலியே த சான்-ஜார்ஜ். டூமா அதில் லெப்டினன்ட் கர்னல் ஆனார். நவம்பர் 28 அன்று மாரி-லூயிஸைத் திருமணம் செய்துகொண்டபோது, மாமனார் கேட்ட சார்ஜென்ட் பதவியை எப்போதோ தாண்டிவிட்டிருந்தார். 1793 ஜூலை 30 அன்று பிரிகேடியர் ஜெனரல், செப்டம்பர் 3 அன்று டிவிஷன் ஜெனரல். பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டது 1794 பிப்ரவரி 4 அன்றுதான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஜெனரல் ஆனபின் அவர் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு அவர்மேல் மதிப்பைக் கூட்டுகிறது. அது பயங்கர ஆட்சிக் காலம். தோற்ற தளபதியும் கில்லட்டினுக்குப் போனார், சந்தேகத்துக்கு ஆளானவரும் போனார். பயோன் நகரில் அவர் தங்கிய வீட்டுக்கு எதிரே கில்லட்டின் நின்றது. தலை வெட்டும் நேரத்தில் மற்றவர்கள் ஜன்னலுக்கு வர, அவர் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார், அதனால் கூட்டத்தார் அவரை “மனிதாபிமான ஐயா” என்று கேலி செய்தார்கள் என்று மகன் எழுதியிருக்கிறார். அடுத்து 1793 டிசம்பரில் ஆல்ப்ஸ் ராணுவத்தின் தலைமை கிடைத்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், எதிரே பனி மலைக் கணவாய்களில், வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் அரசின் அரண்கள். பாரிஸ் அதிகாரிகள் உடனே தாக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். பனி இளகும்வரை பொறுத்து, ஆட்களுக்கு வழுக்காத இரும்பு முட்கள் தருவித்து, மலைவாசிகளிடம் வழி கேட்டு, 1794 வசந்தத்தில் சிறிய சான்-பெர்னார் கணவாயையும் மோன் செனியையும் பிடித்தார். முதல் முயற்சி தோற்றுப் பின்வாங்கியபின்தான் மோன் செனி கிடைத்தது. குதிரைக்கே இடமில்லாத மலையுச்சிப் போரில் ஒரு குதிரைப்படைக்காரர் இவ்வளவு நிதானமாக ஏற்பாடு செய்தது, அவரை வெறும் முரட்டு வாள்வீரனாகக் காட்டும் கதைகளோடு பொருந்தவே இல்லை.

வெற்றி பெற்றும் தப்பவில்லை. உள்ளூர்த் தீவிரவாதக் குழுக்கள் அவர்மேல் புகார் அனுப்பியிருந்தன. 1794 ஜூனில், அன்று நாட்டை ஆண்ட பொதுப் பாதுகாப்புக் குழு விளக்கம் கேட்டுப் பாரிஸுக்கு அழைத்தது. விசாரணை நடப்பதற்குள் ஜூலை 27 அன்று அந்தக் குழுவின் முக்கியத் தலைவர் ரோபெஸ்பியர் வீழ்ந்தார், டூமா பிழைத்தார். உடனே அவரை அனுப்பிய இடம் மேற்குப் பிரான்ஸின் வான்தே. மன்னராட்சி ஆதரவுக் கிளர்ச்சியை அடக்க வந்த குடியரசுப் படை அங்கே கிராமம் கிராமமாக எரித்துக்கொண்டிருந்தது. அங்கே போய்ச்சேர்ந்த சில வாரங்களில், இந்தப் படைக்குக் கட்டுப்பாடு கிடையாது, கொள்ளையில் பழகிவிட்டது, இதை வைத்து எதுவும் செய்யமுடியாது என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். விரைவில் அங்கிருந்து விலகினார். வான்தேயில் பதவி உயர்வு தேடியவர்கள் எழுதாத அறிக்கை அது.

1796 நவம்பரில் இத்தாலிக்கு வந்தபோது, அவரைவிட ஏழு வயது இளையவரான நெப்போலியன் போனபார்ட் அங்கே தலைமைத் தளபதி. டூமா ஒரு காலத்தில் முழு ராணுவத்துக்குத் தலைமை தாங்கியவர், இப்போது இளையவரின் கீழ் ஒரு டிவிஷன் ஜெனரல். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்திரியர்கள் வசமிருந்த மான்டுவா கோட்டையைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்தபோது, உள்ளே நுழையப்பார்த்த ஒற்றன் ஒருவனை டிசம்பர் 24 இரவில் அவருடைய காவலர்கள் பிடித்தார்கள். சோதித்ததில் ஒன்றும் அகப்படவில்லை. விழுங்கியிருப்பான் என்று டூமா ஊகித்தார். பேதி மருந்து கொடுத்துக் காத்திருந்ததில், மெழுகு உருண்டைக்குள் ஆஸ்திரியத் தளபதியின் கடிதம் வெளிவந்தது. மீட்புப்படை வரப்போகும் திட்டம் அதில் இருந்தது.

ஆனால் 1797 ஜனவரி 16 சண்டையில்தான் அவருடைய எதிர்காலம் திசைமாறியது என்று நினைக்கிறேன். கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்துவந்த ஆஸ்திரியர்களை, சிறு படையோடு சான் அன்டோனியோ அருகே தடுத்து நின்றார். குதிரைகள் அவருக்குக் கீழே அடிபட்டு விழுந்தன. போனபார்ட்டின் படைத்தலைமை அதிகாரி பெர்த்தியே எழுதிய அறிக்கையிலோ, டூமா அங்கே “கவனித்துக்கொண்டிருந்தார்” என்று ஒரே வரி. ராணுவ மொழியில் அது சண்டையில் சேராமல் நின்றார் என்பதற்குச் சமம். டூமா போனபார்ட்டுக்கே எழுதினார்: இப்படி எழுதிய கழுதை என் இடத்தில் நின்றிருந்தால் கால்சட்டையிலேயே கழிந்திருப்பார் என்ற பொருளில். உடனிருந்த டிராகூன் அதிகாரிகள் சாட்சிக் கையெழுத்து போட்டார்கள். பயனில்லை. வெற்றி அறிக்கையில் அவர் பெயர் வரவில்லை.

இது வெறும் தன்மானச் சண்டை இல்லை. அந்தக் காலத்து அதிகாரிக்கு அறிக்கையில் பெயர் வருவதுதான் மூலதனம். பதவி, படை, பின்னால் ஓய்வூதியம் எல்லாம் அதைப் பொறுத்தவை. அந்த அறிக்கைகளை எழுதும் பேனாவின் பிடி போனபார்ட்டின் கூடாரத்தில் இருந்தது.

டூமா, ஜெனரல் ஜூபேரின் கீழ் டைரோல் மலைப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். ஜூபேர் நேர்மையாக அறிக்கை எழுதியவர். அதனால்தான் 1797 மார்ச் 23 அன்று கிளாவுசன் பாலத்தில் நடந்தது நமக்குத் தெரிகிறது. குறுகிய பாலத்தின் முகப்பில், தன் ஆட்கள் வந்துசேரும்வரை ஓர் ஆஸ்திரியக் குதிரைப்படைப் பிரிவைத் தனியாளாகச் சில நிமிடங்கள் தடுத்து நின்றார். குறுகலான இடத்தில் எதிரிகள் ஓரிருவராகத்தான் நெருங்க முடியும், அந்தக் கணக்கு தெரிந்தவரின் செயல் இது. மூன்று வாள்காயங்கள் பட்டன, மேலங்கியில் குண்டு துளைத்த ஓட்டைகள் பல. ஆஸ்திரியர்கள் அவரைக் கறுப்புப் பிசாசு என்று அழைத்தார்கள். போனபார்ட்டே அவரை டைரோலின் ஹொராஷியஸ் கோக்லஸ் என்று பாராட்டினார். பாலத்தைத் தனியாகக் காத்த பழைய ரோமானிய வீரன் அவன்.

1798இல் எகிப்துப் படையெடுப்பில் குதிரைப்படைத் தலைமை அவருக்கு. பெயருக்குத்தான் குதிரைப்படை. கப்பலில் ஏற்ற முடிந்தது சில நூறு குதிரைகளே. மீதிப்பேர் அங்கே போய்க் குதிரை பிடித்துக்கொள்ளலாம் என்று சேணத்தைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினார்கள். ஜூலை வெயிலில் அலெக்சாண்டிரியாவிலிருந்து கெய்ரோவுக்குப் பாலைவன நடை. தண்ணீர் இல்லாமல் சிப்பாய்கள் செத்தார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். வழியில் தமன்ஹூர் என்ற ஊரில் சில ஜெனரல்கள் டூமாவின் கூடாரத்தில் கூடி, இந்தப் பயணம் குடியரசுக்காகவா ஒரு தனிமனிதரின் புகழுக்காகவா என்று பேசிக்கொண்டார்கள். செய்தி போனபார்ட்டின் காதுக்குப் போனது. இனி இப்படிப் பேசினால் உன் உயரம் உன்னைத் துப்பாக்கிக் குண்டிலிருந்து காக்காது என்று மிரட்டினார். டூமா ஆறடிக்கு மேல் உயரமானவர். அவரைக் குதிரையில் பார்த்த உள்ளூர் மக்கள் அவரையே தலைவர் என்று எண்ணினார்கள் என்று படையின் தலைமை மருத்துவர் தெஜெனெத் எழுதிவைத்திருக்கிறார். ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்ட டூமாவுக்கு அது கிடைத்தது, மன்னிப்பு கிடைக்கவில்லை.

1799 மார்ச் 7 அன்று ‘பெல் மால்தேஸ்’ என்ற பழைய கப்பலில் கிளம்பினார். கூட வந்தவர்களில் நிலவியலாளர் தொலோமியுவும் ஒருவர், டோலமைட் கல்லுக்கு அவர் பெயர்தான். கப்பல் ஒழுகியது. புயலில் எடையைக் குறைக்க டூமா தான் கொண்டுவந்த மோக்கா காப்பியையும் அரேபியக் குதிரைகளில் பெரும்பாலானவற்றையும் கடலில் தள்ளினார். குதிரைகளோடு வாழ்ந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. தெற்கு இத்தாலியின் தரந்தோ துறைமுகத்தில் ஒதுங்கினார்கள். நேப்பிள்ஸில் பிரெஞ்சு ஆதரவுக் குடியரசு நடப்பதாக நம்பிப் போனார்கள். அதற்குள் கர்தினால் ருஃபோவின் படை மன்னராட்சிக்காகத் தெற்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. தஞ்சம் கேட்டவர்கள் கைதிகளானார்கள். எகிப்துப் படையெடுப்பின் நோக்கங்களில் ஒன்று இந்தியாவில் பிரிட்டிஷாரை நெருக்குவது. போனபார்ட் அந்த ஜனவரியில் திப்பு சுல்தானுக்குக் கடிதமும் எழுதியிருந்தார். டூமா தரந்தோ கோட்டையில் அடைபட்டிருந்தபோது, மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்தார்.

இரண்டு ஆண்டுச் சிறை. உடல் ஒரு பக்கம் மரத்தது, ஒரு கண் பார்வை மங்கியது, ஒரு காது கேட்காமல் போனது, வயிறு கெட்டது. சிறை மருத்துவர் தனக்கு விஷம் வைத்தார் என்று டூமா தன் அறிக்கையில் உறுதியாக எழுதியிருக்கிறார். ஊருக்குள் மறைந்திருந்த குடியரசு ஆதரவாளர்கள் ரகசியமாக மருந்தும் சாக்லேட்டும் அனுப்பியதையும் அதில் குறித்திருக்கிறார்.

1801இல் விடுதலையானபோது அவர் திரும்பியது வேறொரு பிரான்ஸுக்கு. போனபார்ட் முதல் கான்சல், அதாவது நாட்டின் தலைவர்; குடியரசு பெயரளவில் இருந்தது. சான்-தொமிங்கை மீண்டும் அடக்க ஒரு பெரிய கடற்படையெடுப்பு தயாரானது. 1802 மே 20 அன்று காலனிகளில் அடிமைமுறையைத் தொடர வழிசெய்யும் சட்டம் வந்தது. ஜூலை 2 அன்று கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் பிரான்ஸுக்குள் நுழையத் தடை வந்தது. கறுப்பின அதிகாரிகள் பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கக்கூடாது என்ற உத்தரவும் அதே ஆண்டில்தான். அந்த ஆண்டே டூமாவைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். அந்த ஜூலை 24 அன்று விலேர்-கொத்தரேயில் அவருக்கு மகன் பிறந்தான்.

போனபார்ட்டின் தனிப்பட்ட கோபமே இதற்கெல்லாம் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதி விடைதான். போனபார்ட்டோடு மோதிய வெள்ளைக்கார ஜெனரல்கள் பலர் பின்னால் சமாதானமாகிப் பட்டமும் நிலமும் பெற்றார்கள். 1802க்குப் பிறகு, டூமா எவ்வளவு பணிந்திருந்தாலும் அவருக்கு இடம் கொடுக்கும் சட்டம் நாட்டில் இல்லை. ஓடாத கால், தெரியாத கண், கேட்காத காது ஆகியவற்றோடு நிறமும் சேர்ந்து வாசலை அடைத்தது. பாக்கிச் சம்பளத்துக்காக அவர் எழுதிய கடிதங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. 1805இல் சிறுவனான மகனோடு பாரிஸ் போய்ப் பழைய தோழர்களான புரூனையும் மூராவையும் பார்த்தார். இருவரும் அப்போது மார்ஷல்கள், மூரா பேரரசரின் மைத்துனர் வேறு. தன் காலத்துக்குப் பின் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். 1806 பிப்ரவரி 26 அன்று வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார்.

பாரிஸ் வெற்றி வளைவின் தெற்குத் தூணில் அவர் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் பணம் திரட்டி வைத்த சிலையை, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் அகற்றி உருக்கிவிட்டார்கள். அந்தச் சதுக்கத்தில் 2009இல் வேறொரு நினைவுச்சின்னம் வைக்கப்பட்டது.

மாரி-லூயிஸுக்கு விதவை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. மகனுக்கு ஒழுங்கான பள்ளிப்படிப்புகூட அமையவில்லை. இருபது வயதில் அவன் வேலை தேடிப் பாரிஸுக்கு வந்து, அப்பாவோடு பணியாற்றிய மார்ஷல்கள், ஜெனரல்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டினான். பெரும்பாலும் குளிர்ந்த வரவேற்புதான். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜெனரல் ஃபுவா மட்டும் உட்காரவைத்து, உனக்கு என்ன தெரியும் என்று விசாரித்தார். கணக்கு தெரியாது, சட்டம் தெரியாது, லத்தீன் அரைகுறை. முகவரியை எழுதிக்கொடுக்கச் சொன்னபோதுதான் பையனின் கையெழுத்து அழகாக இருப்பதைக் கண்டார். 1823இல் ஓர்லேயான் கோமகனின் அலுவலகத்தில் படியெடுக்கும் எழுத்தர் வேலை வாங்கிக்கொடுத்தார்.